கத்திக்கு எதிரே கைகட்டி நிற்காமல்: சிலம்பத்தின் வழியே தற்காப்பைக் கற்பிக்க ஓர் எளிய பயிற்சிமுறை



இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு புத்தகப்பை. நான் முன்பு பணியாற்றிய இடைநிலைப்பள்ளியில், படிவம் 3 மாணவன் ஒருவனின் பையில் நாளிதழில் சுற்றிய கத்தி ஒன்று கிடைத்தது. காய்கறி நறுக்குகிற சாதாரணக் கத்திதான். கட்டொழுங்கு ஆசிரியர் விசாரித்தபோது பையன் வாயே திறக்கவில்லை. பிறகு தமிழ் ஆசிரியர் என்ற உரிமையில் நான் தனியாகப் பேசினேன். "பஸ்ஸுல இருந்து எறங்கி எஸ்டேட் ரோட்டுல நடந்து போகணும் சார். ரெண்டு மூணு பேரு நிப்பானுங்க. காசு கேப்பானுங்க. பயமா இருக்கு" என்றான். அதோடு நிறுத்தவில்லை. "நீங்க சிலம்பம் தெரிஞ்சவருதானே சார், கத்திய எப்படிப் புடிக்கிறதுன்னு சொல்லிக் குடுங்களேன்" என்றும் கேட்டான்.

அந்த நேரத்தில் அவனுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. "அதெல்லாம் தப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தப்பு என்றால் வேறு என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவன் கேட்காமல் போன கேள்விக்கான பதில்தான் இது.

சுங்கை ஆயர் தாவார், சபாக், சுங்கை பெசார் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். செம்பனையும் தென்னையும் சூழ்ந்த நிலம். இங்கே கத்தி என்பது சண்டைப் பொருள் அல்ல, பிழைப்புப் பொருள். குலை வெட்ட நீண்ட கம்பில் கட்டிய அரிவாள், புதர் வெட்ட பாராங், இளநீர் சீவ ஒரு கத்தி என்று வீட்டுக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். அதனால் "கத்தியைத் தொடாதே" என்ற அறிவுரை நம் பிள்ளைகளிடம் எடுபடாது. கத்தியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு, கத்தி மனித உடம்பை என்ன செய்யும், அதற்கு எதிரே என்ன செய்யலாம் என்று தெளிவாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம்

மாணவர்களிடம் பேசுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, சட்டபூர்வமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதத்தை வைத்திருப்பதே குற்றம். அதை ஓங்க வேண்டியதில்லை, யாரையும் குத்த வேண்டியதில்லை. தண்டனை ஐந்து ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டுக்கு மேற்படாத சிறை, கூடவே பிரம்படி. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்கு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றத்துக்குப் போகும் என்றாலும், குற்றம் குற்றம்தான். தோட்டத்தில் பாராங் பிடித்து வேலை செய்யும் தந்தைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பள்ளிப்பையில் அதே பாராங்குக்குக் காரணம் இல்லை.

மறுபக்கம், தற்காப்பு உரிமையும் சட்டத்தில் உண்டு. குற்றவியல் சட்டத்தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் அதைப் பேசுகின்றன. ஆனால் 99ஆம் பிரிவு ஓர் எல்லை போடுகிறது: தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையும் இல்லை. தப்பித்து ஓடிய பிறகு திரும்பி வந்து அடிப்பது தற்காப்பு ஆகாது. இதை மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். சொல்லத்தான் யாரும் இல்லை.

ஏன் 'கத்திச் சண்டை' கற்றுத்தரக் கூடாது?

நம் மாணவர்களின் தாத்தாக்கள் ரிக்‌ஷாக்காரன் படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுற்றியதைப் பார்த்துக் கைதட்டியவர்கள். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். எதிரி குத்த வருவான், நாயகன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகுவான், கத்தி கீழே விழும். பார்க்க நன்றாக இருக்கிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். செய்து காட்ட வேண்டும்.

பழைய நாளிதழைச் சுருட்டி, நுனியில் வண்ணச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிக்கொள்ளுங்கள். ஒரு மாணவனுக்குப் பழைய வெள்ளைச் சட்டை. முகத்தைத் தொடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும். பத்து விநாடிகள், சினிமாவில் பார்த்த எதை வேண்டுமானாலும் செய்து தடுத்துக்கொள்ளட்டும். பிறகு சட்டையில் உள்ள கோடுகளை வகுப்பே எண்ணட்டும். நான் செய்தவரை, கோடே இல்லாமல் வெளியே வந்தவன் ஒருவனும் இல்லை. கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனின் கையிலும் வயிற்றிலும் ஐந்தாறு கோடுகள். சிரித்துக்கொண்டே தொடங்கிய வகுப்பு எண்ணும்போது அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் முதல் பாடம்.

இன்னொரு சோதனை தூரம் பற்றியது. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர், கத்தி வைத்திருப்பவர் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்று அளந்து எழுதினார். 21 அடி என்றால் 6.4 மீட்டர். நம் பள்ளிப் பூப்பந்துத் திடலில், வலையிலிருந்து கடைசிக் கோடு வரை 6.7 மீட்டர். வலையருகே ஒருவனை நிறுத்தி, கடைசிக் கோட்டுக்கு ஓடச் சொல்லுங்கள். 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணி முடிப்பதற்குள் வந்து நிற்பான். "அவ்வளவு தூரத்துல நிக்கிறான், ஒண்ணும் செய்யமாட்டான்" என்ற நினைப்பு அங்கேயே போய்விடும்.

எளிமையே பாதுகாப்பு

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் பணியாற்றிய டபிள்யூ. இ. ஃபேர்பேர்ன், தெருச் சண்டைகளில் அடிபட்டு அனுபவப்பட்டவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்களுக்குப் பயிற்சி தந்தபோது, நூறு உத்திகளைச் சொல்லவில்லை. சிலவற்றை எடுத்து, திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். காரணம் எளிது. பயம் வந்தால் கை நடுங்கும், நுணுக்கமான அசைவு வராது.

தேர்வுகள் கூடினால் முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பதை 1952இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஹிக், விளக்குகளையும் விசைகளையும் வைத்துச் சோதித்துக் காட்டினார். பத்து தடுப்பு முறை தெரிந்தவன் 'எதைச் செய்வது' என்று யோசிக்கும் நேரத்தில், ஒன்று மட்டும் தெரிந்தவன் அதைச் செய்து முடித்திருப்பான்.

நம் சிலம்ப ஆசான்கள் இதை ஆய்வகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். என் ஆசான் முதல் சில மாதங்கள் கம்பையே கையில் தரவில்லை. காலடி, காலடி, காலடிதான். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், கம்பு உடையலாம், கை வலிக்கலாம், கால் மட்டும் நம்மைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நான்கு படிகள்

புறப்பாட நேரத்தில், சிலம்பம் தெரியாத ஆசிரியரும் நடத்தக்கூடிய பயிற்சி இது. உங்கள் வட்டாரச் சிலம்ப ஆசான் ஒருவரின் துணை இருந்தால் இன்னும் நல்லது.

1. பார்வை. நடக்கும்போது கைப்பேசி பையில், காதில் ஒன்றும் இல்லை. ஒருவரின் கை தெரியவில்லை என்றால், கை எங்கே என்று பார்க்கப் பழக வேண்டும். மாணவர்களை ஜோடியாக நடக்கவிட்டு, "இப்ப நீ தாண்டி வந்தவரோட கையில என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். முதல் வாரம் யாருக்கும் தெரியாது.

2. காலடி. சிலம்பத்தின் அடிப்படைக் காலடியில் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் விலகுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் பின்வாங்கினால் தடுக்கி விழுவோம். கோணமாக விலகினால் எதிரி திரும்ப வேண்டியிருக்கும். அந்த அரை விநாடி ஓடுவதற்கு.

3. இடைப்பொருள். கம்பின் சிறப்பே, எதிரியைத் தூரத்தில் நிறுத்துவது. தெருவில் கம்பு இருக்காது. ஆனால் புத்தகப்பை இருக்கும், குடை இருக்கும், சைக்கிள் இருக்கும். அதை நமக்கும் எதிரிக்கும் நடுவில் வைப்பதுதான் பயிற்சி. காசு கேட்டால் காசைக் கொடுத்துவிடலாம். தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடலாம்.

4. குரல். நம் பிள்ளைகளுக்கு மிகக் கடினமானது இதுதான். கத்திக் கூப்பிட வெட்கப்படுகிறார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். "விடு! தள்ளிப் போ!" என்று வயிற்றிலிருந்து கத்தச் சொல்லுங்கள். திடலே அதிரட்டும். ஓடி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போய், 999க்கு அழைக்க வேண்டும்.

வாரம் 20 நிமிடம் போதும். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இந்த நான்கையே, ஓடிக் களைத்த பிறகு, கூச்சலுக்கு நடுவே, திடீரென்று என்று சூழலை மட்டும் மாற்றிச் செய்யுங்கள்.

இதோடு முதலுதவியும் சேர வேண்டும். வெட்டுக்காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது. கத்தி உடம்பில் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. அதுவே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். தோட்டத்தில் அரிவாள் பட்ட தந்தைக்கும் இது உதவும். இந்த ஒன்றுக்காகவாவது பாடத்தை நடத்துங்கள்.

தமிழ் வகுப்பில் என்ன செய்யலாம்?

நாம் தமிழ் ஆசிரியர்கள். புறப்பாடத்தை வகுப்பறைக்கும் கொண்டுவரலாம். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்குச் சொன்னவைதான். ஆனால் எதிரியின் வலிமை என்ன, இது நேரமா, இது இடமா என்ற மூன்று கேள்வியும் எஸ்டேட் சாலையில் நடக்கும் பையனுக்கும் பொருந்தும். மூன்று குழுவாகப் பிரித்து, ஆளுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து, இன்றைய சூழலுக்கு விளக்கம் எழுதச் சொல்லுங்கள்.

விவாதத்துக்கு ஒரு பழமொழி: "ஓடுறவனக் கண்டா தொரத்துறவனுக்கு இளக்காரம்." ஓடுவது கோழைத்தனமா? ஒரு படிவம் 5 வகுப்பில் இதைக் கொடுத்தேன். ஒரு மாணவி எழுந்து, "வீட்டுல அம்மா காத்திட்டு இருக்காங்க சார். நான் வீரமா செத்துப்போனா அவங்களுக்கு என்ன?" என்றாள். வகுப்பில் அதற்கு மறுப்பு வரவில்லை. அந்த வாரம் வந்த வாதக் கட்டுரைகள், மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதியவை அல்ல.

செய்முறையை எழுதுவதும் நல்ல பயிற்சி. 'காலடி வைப்பது எப்படி' என்று படிப்படியாக எழுதி, நண்பனிடம் கொடுத்து, அவன் அதைப் படித்தபடி மட்டும் செய்யட்டும். எழுத்தில் எங்கே தெளிவில்லையோ அங்கே அவன் கால் தடுமாறும். திருத்தும் வேலை நமக்குப் பாதி மிச்சம்.

அந்தப் பையன்

பயிற்சி கொடுத்ததால் பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சாலையில் நிற்பவர்கள் இருக்கும்வரை பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். பிறகு நாங்கள் செய்தது இரண்டு காரியம். ஒன்று, அதே பக்கம் போகிற நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒன்றாக நடக்க ஏற்பாடு செய்தோம். இரண்டு, பெற்றோரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னோம். அவன் அப்பாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பஸ் நிற்கும் இடத்துக்கு வரத் தொடங்கினார்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை கத்தியைத் தூக்கியதற்குக் காரணம் வீரம் இல்லை, பயத்தைச் சொல்ல ஆள் இல்லாதது. உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருக்கலாம். பையைச் சோதிப்பதற்கு முன், "வீட்டுக்கு எப்படிப் போறப்பா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு பூப்பந்துத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.