பனியில் புதையாத பிக்கப்

வயலில் பரம்படிக்கும்போது பலகைமேல் ஆள் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரே சேற்றில் இறங்கினால் முழங்கால்வரை புதைவார். பலகைமேல் நின்றாலோ மாடு இழுக்க இழுக்க வழுக்கிக்கொண்டு போவார். எடை அதேதான். அது பரவும் இடம்தான் கூடியிருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை உயர்த்தி, 38 அங்குல டயர் மாட்டிப் பனியாற்றின்மேல் ஓட்டும் ஐஸ்லாந்துக்காரர்கள் நம்பியிருப்பதும் இந்தப் பரம்புக் கணக்கைத்தான்.

அந்த நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பனியாறு. குளிர்காலத்தில் நடுமேட்டுநிலம் முழுவதும் பனி மூடிவிடும். மலையில் யாராவது சிக்கிக்கொண்டால் தேடிப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வ மீட்புக் குழுவினர். அவர்களுக்கு வண்டி வேண்டும். அகலமான பெரிய டயரில் காற்றை ஏறக்குறைய முழுக்க இறக்கிவிட்டால் வண்டி பனியில் மிதக்கும் என்பதை 1980களிலேயே அங்கே கண்டுகொண்டார்கள். டொயோட்டா ஐஸ்லாந்து நிறுவனத்துக்குள் 1990இல் ஒரு பிரிவாகத் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ், இதையே தொழிலாக்கியது.

கணக்கு எளிது. சுமையோடு 2,400 கிலோ எடையுள்ள பிக்கப் என்றால் ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது சதுர செண்டிமீட்டருக்கு 2.1 கிலோ அழுத்தம். அப்படியானால் டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 285 சதுர செண்டிமீட்டர்; பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே சிறிது. காற்றை 3 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். தொடும் இடம் பத்து மடங்காக வேண்டும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நடைமுறையில் அவ்வளவு விரியாது. ஆனாலும் அழுத்தம், பூட்ஸ் போட்டு நடக்கும் மனிதனின் காலடி அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சாதாரண டயர் புதைந்துபோகும் பனியில் இரண்டரை டன் வண்டி மேலாகப் போவது இப்படித்தான்.

சின்ன டயரில் காற்றை இறக்கினால் போதாதா? போதாது. சின்ன டயர் சப்பையானால் ரிம் தரையில் இடிக்கும். தொங்கி விரிவதற்கு உயரமான பக்கச் சுவர் வேண்டும். அதற்குப் பெரிய டயர் வேண்டும். பெரிய டயரை மாட்டினால் மட்கார்டில் உரசும், ஸ்டியரிங் திருப்பினால் சேசிஸில் முட்டும். வண்டியை உயர்த்துவது இங்கேதான் வருகிறது.

உயர்த்திய பிக்கப்பைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். ஹைலக்ஸின் பின்பக்கம் ஒரே இரும்புத் தண்டாக இருக்கும் ஆக்சில். அதன் நடுவே உருண்டையாகத் தொங்கும் கிரவுன் பெட்டிதான் முதலில் கல்லில் இடிக்கும் பகுதி. சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் தூக்கினாலும் இந்தப் பெட்டி ஒரு நூலளவும் உயராது. ஆக்சிலுக்கு மேலே இருப்பவைதான் உயரும். கிரவுனை உயர்த்துவது டயர் மட்டுமே: முப்பதரை அங்குல டயர் போய் 38 அங்குலம் வந்தால், கூடிய உயரத்தில் பாதி, அதாவது மூன்றே முக்கால் அங்குலம் கிடைக்கும். டயருக்கு இடம் ஒதுக்கித் தருவதுதான் சஸ்பென்ஷன் லிஃப்டின் முதல் வேலை. மற்றதெல்லாம் தோரணை என்பது என் கருத்து.

டயருக்கான அந்த இடத்தைக்கூட ஐஸ்லாந்துக்காரர்கள் வண்டியைத் தூக்கி மட்டும் பெறுவதில்லை. முடிந்தவரை குறைவாக உயர்த்தி, மட்கார்டையும் பாடியின் ஓரங்களையும் நிறைய வெட்டி, வெட்டிய இடத்தில் அகலமான ஃபைபர் வளைவுகளைப் பொருத்துகிறார்கள். எடை எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு சீக்கிரம் வண்டி கவிழும். பனிச்சரிவில் பக்கவாட்டில் போகிறவனுக்கு அது தெரியும்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று கேட்கும். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட்கள், உயர்த்திய வண்டியில் கூடுதல் கோணத்தில் மடங்கி நிற்கும். மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியும், ஜாயிண்ட் தேயும். முன்பக்கத்துக் கிரவுன் பெட்டியான டிஃபரன்ஷியலைச் சற்றுக் கீழே இறக்கிப் பொருத்துவது அதனால்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது அல்லவா, காரின் முன்சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. உயர்த்தும்போது அது குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். சஸ்பென்ஷனின் மேல்கையை மாற்றி அந்தச் சாய்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பின்னால் லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் ஸ்பிரிங் அடுக்கு. அங்கே வேலை சுலபம்.

கியர்தான் பெரிய செலவு. 38 அங்குல டயர் ஒரு சுற்றில் கால் பங்கு அதிக தூரம் போகும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 100இல் ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கோ எப்போதும் ஒரு கியர் கூடப் போட்டதுபோல் திணறல். கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் விகிதம் 3.9 என்றிருந்தால் 4.88க்கு மாற்றினால்தான் பழைய இழுவை திரும்பும். பிரேக்குக்கும் இனிக் கூடுதல் வேலை: சக்கரம் கனமாகிவிட்டது, ஆரமும் நீண்டுவிட்டது.

இப்படி மாற்றிய ஹைலக்ஸை உலகம் பார்த்தது 2007இல். பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியில் ஜெர்மி கிளார்க்சனும் ஜேம்ஸ் மேயும் கனடாவின் ரெசல்யூட்டிலிருந்து, வட காந்த முனை 1996இல் இருந்த இடம்வரை கடல் பனிமேல் ஓட்டிச் சென்றார்கள். நமக்கு நெருக்கமான பயணம் 2010இல். ரசிக் ரவீந்திரா தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்திலிருந்து தென்துருவம்வரை போனது ஆர்க்டிக் டிரக்ஸ் வண்டிகளில்தான். இந்தியாவிலோ, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

காற்றைக் குறைத்து ஓட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. ரிம்மோடு டயரை அழுத்திப் பிடித்திருப்பதே காற்றுதான். 3 பிஎஸ்ஐயில் ஒரு பக்கவாட்டு உதை போதும், டயரின் உள்விளிம்பு கழன்றுவிடும். அதனால் ரிம்மோடு பசை போட்டோ, போல்ட்டு வளையத்தால் இறுக்கியோ வைக்கிறார்கள். அப்படியும் கழன்றால், எரியும் திரவத்தை உள்ளே தெளித்துத் தீக்குச்சி காட்டும் பழைய வித்தை ஒன்று உண்டு. வெடித்து விரியும் சூட்டுக்காற்று விளிம்பை ரிம்மில் தட்டி உட்காரவைக்கும். சூடு தணிந்ததும் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும் என்பதால் அந்தக் கணமே காற்றடிக்க வேண்டும். விரலையும் முகத்தையும் பணயம் வைக்கும் வேலை. வீட்டு வாசலில் முயல வேண்டாம்.

சப்பை டயரோடு தார்ச்சாலையில் ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிப் பிய்ந்துபோகும். ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் சொந்தக் கம்ப்ரெஸர். பனியாறு முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, குழாயைச் சக்கரம் சக்கரமாக மாற்றி மாட்டுகிறார்கள். 3 பிஎஸ்ஐயிலிருந்து 25க்கு நான்கு பெரிய டயர்கள் நிரம்பும்வரை குளிரில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.