கல்கத்தாவுக்குப் போன மூன்று பேர்

இந்த வருடம் பிளஸ் டூ எழுதப் போகிறவர்களே! உங்களில் சிலர் வருகிற ஆடி மாதம் பெட்டியும் படுக்கையுமாக ரயிலேறப் போகிறீர்கள். திருச்சிக்கோ, சென்னைக்கோ, இன்னும் தூரமாகக் கரக்பூருக்கோ, டில்லிக்கோ. முதல் வாரம் எல்லாம் வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் வாரம் விடுதிச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. வகுப்பில் சொல்வது பாதி புரியாது. முதல் தேர்வில், பள்ளியில் ஒரு நாளும் வாங்கியிராத மார்க் ஒன்று வந்து நிற்கும். 'பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா?' என்று அப்போது தோன்றாதவர்கள் குறைவு. எனக்கும் தோன்றியதுண்டு. அது கிடக்கட்டும்.

அந்த நாளுக்காக ஒரு செய்தி சொல்கிறேன். ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்னால், இன்றைய விருதுநகர் மாவட்டத்து இளைஞர்கள் மூவர் ஒரே காலத்தையொட்டி ஒரே நகருக்குக் கற்றுக்கொள்ளப் போனார்கள். ஒருவர் சேர்ந்தது பல்கலைக்கழகத்தில். மற்ற இருவர் சேர்ந்தது தீப்பெட்டித் தொழிலில்.

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வத்திராயிருப்பு இருக்கிறது. அதற்குத் தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து கிழக்கே நகர்ந்தால் சிவகாசி. சிவகாசிக்கு ரயில் பாதை வந்ததே 1927-ல்தான். அதற்கு முன்பு விருதுநகருக்கோ சாத்தூருக்கோ வந்துதான் ரயிலைப் பிடிக்க வேண்டும். பிறகு சென்னை. சென்னையில் வேறு வண்டி மாறி ஹௌரா. மொத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். போய் இறங்கினால் வங்காளி மொழி, கடுகெண்ணெய்ச் சமையல்.

வத்திராயிருப்புக்காரரின் பெயர் கே. எஸ். கிருஷ்ணன். 1898-ல் பிறந்தவர். சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை வகுப்பில் கேட்டதும், அடர்த்தியை அளக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்து பார்த்த பையன் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்து முடித்து, கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை ஆசிரியர் வேலையும் பார்த்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்கூட வந்து உட்காருவார்களாம்.

அப்படிப்பட்டவர் 1920-ல் வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போய் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். கல்கத்தா பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் அப்போது இயற்பியல் பேராசிரியர் சி. வி. ராமன். கிருஷ்ணன் எம்.எஸ்ஸி. வகுப்புகளைக் கேட்டார், நிறையப் படித்தார். ராமனின் ஆராய்ச்சிக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது 1923-ன் இறுதியில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடம்! முதல் பருவத் தேர்விலேயே மனம் உடைகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் சேர்ந்த பிறகாவது பெரிய கண்டுபிடிப்பா? அதுவும் இல்லை. பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, 65 திரவங்களை ஒவ்வொன்றாகத் தூய்மை செய்து, அவற்றில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அளப்பது. திரவத்தில் ஒரே ஒரு தூசி மிதந்தாலும் அளவு தவறாகிவிடும்.

ஒளிச்சிதறல் என்றால் என்ன? நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டே சொட்டுப் பால் விடுங்கள். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். டார்ச்சுக்கு எதிரே நின்று பார்த்தால் ஒளி மஞ்சளாக, சற்றுச் சிவப்பாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். நீல ஒளி அதிகமாகச் சிதறுவதுதான் காரணம். வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். இந்தச் சிதறலில் ஒளி தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் மிக மிகச் சிறு பகுதி, ஏறத்தாழ கோடியில் ஒன்று, மூலக்கூறுகளோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி, வேறு நிறமாக வெளியே வருகிறது. 1928 பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் பிடித்தது இந்தக் கோடியில் ஒன்றைத்தான். 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31-ல் வந்த குறிப்பில் இருவர் பெயரும் இருக்கின்றன. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. 65 திரவங்களோடு பழகிய கண் இல்லாவிட்டால் அந்த மங்கிய ஒளி தட்டுப்பட்டிருக்குமா என்பது என் சந்தேகம்.

இனி மற்ற இருவர். சிவகாசியைச் சேர்ந்த உறவுக்கார இளைஞர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1922-ஆம் ஆண்டு வாக்கில் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். சுமார் எட்டு மாதம். உங்கள் கணக்கில் ஒரு பருவமும் கொஞ்சமும்.

தீப்பெட்டி சின்னப் பொருள்தான். ஆனால் அதற்குள் இருக்கும் விஞ்ஞானம் சின்னதல்ல. குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை. சிவப்புப் பாஸ்பரஸ் அதில் இல்லை. அது பெட்டியின் பக்கவாட்டில் தடவப்பட்டிருக்கிறது. குளோரேட்டும் பாஸ்பரஸும் கலந்துவிட்டால் லேசாக உரசினாலே வெடிக்கும். (ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.) ஆகவே இரண்டையும் பிரித்து வைத்து, உரசும் அந்த ஒரு நொடிக்கு, அந்த ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்கவிடுகிறோம். இதுதான் 1844-ல் சுவீடனில் பாஷ் என்பவர் கண்ட வழி. அதற்கு முந்தைய தீக்குச்சிகளின் தலையில் இருந்த வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளர்களின் தாடை எலும்பையே அழித்தது. இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள்.

பொருள்களின் பெயரை ஒரு நாளில் எழுதிக்கொண்டுவிடலாம். பசை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், மருந்து எவ்வளவு கெட்டியாக இருந்தால் குச்சியில் உருண்டு நிற்கும் என்பதெல்லாம் கைப்பக்குவம். எட்டு மாதம் அதற்குத்தான்.

ஊர் திரும்பியதும் ஓர் அதிசயம். ஈரக் காற்றில் குச்சியும் மருந்தும் காயாது, நமத்துப் போகும். ஹூக்ளி நதிக்கரையிலிருந்த கல்கத்தாவில் அது பெரிய தொல்லை. சிவகாசியிலோ மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயத்தைக் கெடுத்த அதே வெயில் தீப்பெட்டிக்கு உதவியாக வந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து 1940-களில் பட்டாசும் வந்தது.

ஆனால் இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். இளைஞர்கள் தூர தேசம் போய்க் கற்ற வேலை, சில பத்தாண்டுகளில் பத்து வயதுப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. 1970-களிலும் 80-களிலும் பொழுது விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள். மற்றப் பிள்ளைகள் பள்ளி மணி கேட்கும் நேரத்தில் அவர்கள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி முதல் பருவம் என்ன, ஐந்தாம் வகுப்பே பலருக்கு வாய்க்கவில்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்பது தீர்ப்பின் ஒரு பகுதி.

கிருஷ்ணன் 1947-ல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-ல் மறைந்தார். 1963-ல் சிவகாசியில் ஒரு கல்லூரி தொடங்கியது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று பெயர். கட்டை அடுக்கியவர்களின் பேரன், பேத்திகள் இன்று இயற்பியலும் வேதியியலும் படிக்க உள்ளூர் பஸ்ஸிலேயே போய்வரலாம்.