"நமக்கு ஒண்ணும் ஆகாது" என்ற எண்ணம்



ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நம் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் பலர். அப்படியே மன்னார்ப் பக்கம் போய், பள்ளிமுனையில் பெரிய பெருக்க மரத்தைப் பார்த்து, கருவாடும் வாங்கி வருவார்கள். இரவெல்லாம் ஓடும் இந்தப் பயணத்தில் அத்தனை உயிரும் ஒரு சாரதியின் கையில். அவருடைய மனம் எப்படி வேலை செய்கிறது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மலைப் பாதையில் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். பயம் தானாக வரும், வேகமும் குறையும். மதவாச்சி தாண்டி மன்னார் ரோட்டில் ஏறினால் பாதை நேராக, சமமாகக் கிடக்கும். பயம் விட்டுப்போகும். நெடுநேரம் வேகமாக ஓடிய கண்ணுக்கு, ஓடும் வேகம் குறைவாகவே தெரியும். மன்னார் டவுனிலோ இரவில் கழுதைகள் ரோட்டிலேயே நிற்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் வண்டி ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். நாலைந்து லயக் காம்பரா நீளம்!

போதை என்ன செய்கிறது?

சாராயமோ கசிப்போ உள்ளே போனால், "கவனம்" என்று எச்சரிக்கும் மூளையின் பகுதிதான் முதலில் மந்தமாகிறது. அதனால்தான் குடித்தவர் "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசே பழுதென்றால் நிறை சரியாக வருமா?

கஞ்சா அடித்தவருக்கு நேரமும் தூரமும் குழம்பும். 'ஐஸ்' எடுத்தவருக்குத் தூக்கம் போனது போலிருக்கும், துணிச்சலும் மிஞ்சும். அது இறங்கும்போது அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். காலை 5 மணிக்கு எழுந்து, ஓய்வில்லாமல் இரவு 10 மணிக்கும் ஸ்டியரிங் பிடிப்பவரும், கொஞ்சம் குடித்தவரைப் போலவே தடுமாறுகிறார் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

"இத்தனை வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலயே" என்பார்கள். தப்பிய ஒவ்வொரு நாளும் தைரியத்தைக் கூட்டுகிறது. ஆபத்து மட்டும் குறைவதில்லை.

2021 மார்ச் 16இல் தலைமன்னாரில் ரயில் கடவையில் பஸ்ஸில் ரயில் மோதி ஒரு பள்ளிப் பிள்ளை இறந்தது. நாலே நாளில், 20ஆம் திகதி, பசறை 13ஆம் கட்டையில் கல் விழுந்து ஒடுங்கிக் கிடந்த இடத்தில் லொறிக்கு விலகிய பஸ் பள்ளத்தில் விழுந்தது. பலியானோர் 14 பேருக்குக் குறையாது. இவை போதையால் நடந்தவை என்று நாம் சொல்லவில்லை. தெளிந்த தலைக்கே அந்த ஓரிரு செக்கன் போதாது. மயங்கிய தலை என்ன செய்யும்?

நாம் செய்யக்கூடியவை

1. விசேஷ வீட்டில் முதல் கிளாஸுக்கு முன்பே சாவியை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிட வேண்டும். குடித்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

2. வேன் பேசும்போதே "பகல்ல ஓட்டம் இருந்துச்சா? தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். தூரப் பயணத்துக்கு இரண்டு சாரதி நல்லது.

3. தேசிக்காயும் கோப்பியும் பச்சைத் தண்ணிக் குளிப்பும் போதையை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் இறக்கும். அதற்குப் பல மணி நேரம் வேண்டும்.

4. சாரதி தடுமாறினால் திட்டாதீர்கள். ரோசம் வந்தால் இன்னும் மிதிப்பார். "தம்பி, நிப்பாட்டுங்க, தேத்தண்ணி குடிப்போம்" என்று இறங்குங்கள். பிறகு ஏறுவதா, வேறு வண்டி பிடிப்பதா என்று கூடிப் பேசி முடிவெடுங்கள்.

5. விபத்தென்றால் உடனே 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ்.

சாரதியிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கேட்க உரிமை உண்டு.