ஹாலிபட் மீன் பிடிக்கும் முறைகள்

வட பசிபிக் மகா சமுத்திரத்தில் அலாஸ்காவையும், கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தையும் சார்ந்த கரையோர ஜனங்களுக்கு ஹாலிபட் என்னும் மீன் முக்கியமான ஜீவனோபாயங்களுள் ஒன்றாகும். இது தட்டை மீன் வகை. நம் கடலில் அகப்படும் எருமை நாக்கு மீனை ஆங்கிலத்தில் இந்திய ஹாலிபட் என்று வழங்குவதுண்டு. ஆயினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, பருமனிலும் இதற்கு ஈடாகாது. ஹாலிபட்டின் பெண் மீன் 8 அடி நீளமும் 500 ராத்தல் எடையும் எட்டியதுண்டு. ஆண் மீன் அவ்வளவு பருப்பதில்லை.

குஞ்சுப் பருவத்தில் இதற்கும் தலையின் இருபுறமும் ஒவ்வொரு கண் உண்டு. சில மாதங்களில் இடக்கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கம் போய்ச் சேரும். அதன்பின் வெண்மையான இடப்பக்கம் கீழாகவும், மண்ணிறமான வலப்பக்கம் மேலாகவும் பெரும்பாலும் கடலடித் தரையிலேயே வாழும். ஆகையால் இரையைத் தரையை ஒட்டி நிறுத்துவதே இம்மீன் பிடிப்பின் முதற் பாடம் என்பது விளங்கும். குளிர்காலத்தில் முட்டையிடுவதற்காக 100 பாகத்துக்கு மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றுவிடும்; கோடையில் 15 முதல் 150 பாகம் வரையுள்ள ஆழங்களுக்கு மேய வரும்.

ஒற்றைத் தூண்டிலிடுவோர் நீரோட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டம் கடுமையாயிருந்தால் கயிறு சாய்ந்து, ஈயக்குண்டு தரையை விட்டு எழும்பிவிடும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர் அடங்கி நிற்கும் வேளையே உத்தமம். சிறிது ஓட்டம் இருப்பதில் குற்றமில்லை. இரையின் வாசனையை அது தூரத்துக்குக் கொண்டு போகும். ஹெர்ரிங், ஸால்மன் ஆகிய மீன்களின் துண்டுகளும் எண்காலியின் சதையும் ஏற்ற இரைகளாம். எண்காலிச் சதை எளிதில் கொக்கியைவிட்டுக் கழலாது.

தொழிலாகச் செய்வோர் ஆயிரங்கால் தூண்டிலையே பயன்படுத்துகின்றனர். சுமார் 300 பாகம் நீளமுள்ள கயிற்றில், ஏறக்குறைய 18 அடிக்கு ஒன்றாக 100 கொக்கிகள் கட்டுவது பழைய வழக்கம். இத்தகைய கயிறுகள் பலவற்றை இணைத்து, இரு முனைகளிலும் நங்கூரமும் மிதப்பும் இட்டுச் சில மணி நேரம் கிடக்க விடுவர். அளவுக்கு மிஞ்சிக் கிடக்கவிட்டால் கடற்பேன்கள் மொய்த்து இரையையும், அகப்பட்ட மீனையுங்கூடத் தின்றுவிடும்.

1980-களின் முற்பகுதியில் பழைய வளைகொக்கி போய், முனை உட்புறம் திரும்பிய வட்டக்கொக்கி வந்தது. இதில் மீன் தப்புவது குறைவு. இதைப் பயன்படுத்துவோன் கயிற்றை வெடுக்கென இழுக்கலாகாது. மீன் இரையைக் கவ்வித் திரும்பும்போது கயிறு தானே விறைத்து, கொக்கி வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். அக்கரையின் பூர்வ குடிகளாகிய டிலிங்கிட், ஹைடா மக்கள் இரும்பு வருமுன்னரே இம்மீனுக்கென்று தனிக் கொக்கி செய்தனர். இரண்டு மரத்துண்டுகளைக் கவைபோலக் கட்டி, எலும்பு முள்ளைப் பொருத்துவர். மிகச் சிறிய மீனின் வாய்க்கு அது அடங்காது. மிகப் பெரிய மீனின் தலை அதன் இடைவெளியில் நுழையாது. நடுத்தர மீனே அகப்படும். அவர்கள் கைவேலையின் நுட்பம் வியக்கத்தக்கதே.

பெரிய மீனை உயிரோடு படகில் ஏற்றுவது அபாயம். அது துள்ளி அடிக்கும் அடியில் மனிதன் கால் முறியக்கூடும். நீரிலேயே ஈட்டியால் குத்தி அடக்கி, தலையையும் வாலையும் கயிற்றால் இறுகக் கட்டிய பின்னரே ஏற்றுவர். ஏற்றியவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, வயிற்றில் பனிக்கட்டி திணிக்க வேண்டும். இதில் தாமதித்தால் விலை குறையும்.

1888-ல் இம்மீன் ரயில் மூலம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் செல்லத் தொடங்கியதும் பிடிப்பு பெருகி, நாளடைவில் மீன்வளம் க்ஷீணித்தது. 1923-ல் கானடாவும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டு, இதற்கென ஒரு சர்வதேசக் கமிஷனை ஏற்படுத்தின. எனினும் மீன் எவருக்கும் பங்கிடப்படவில்லை, முந்தியவனுக்கே லாபம். படகுகள் பெருகப் பெருக அனுமதித்த காலம் சுருங்கி, 1990-களின் தொடக்கத்தில் அலாஸ்காவில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை 24 மணி நேரமே என்றாயிற்று. அந்நாளில் புயல் வீசினாலும் கடலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, உயிர்கள் மாண்டன. ஒரே நாளில் வந்து குவிந்த மீனுக்கு நல்ல விலையும் கிட்டவில்லை. கானடாவில் 1991-லும் அலாஸ்காவில் 1995-லும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பங்கு வகுத்த பின், வானிலை பார்த்துப் புறப்பட மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்தது.

தொழிற் படகுகள் 32 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளலாகாது. பெண் மீன் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறக்குறைய 12 ஆண்டுகள் செல்லுமாதலால் இவ்விதி அவசியமாயிற்று. சிறு மீனைச் செவுளில் பிடித்துத் தூக்காமலும், கொக்கியைப் பிய்த்துத் தாடையைக் கிழிக்காமலும், படகின் விளிம்பிலேயே கொக்கியைத் திருகிக் கழற்றி நீரில் விட்டுவிட வேண்டும். திருகிக் கழலாவிடில் கிளைக்கயிற்றை அறுத்துவிடலாம். கொக்கி ஒன்று போகும், மீன் பிழைக்கும்.