வாடிக்கை எப்படிப் பிறக்கிறது?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையடிவாரத்தில் உள்ளது கீழக்குயில்குடி. அங்கிருந்தபடியே இன்று கைப்பேசியில் ஒரு சட்டை வாங்கிவிடலாம். முதன்முறை ஒருவர் கடைச்செயலியை நாடுவது தள்ளுபடிக்காக இருக்கலாம். ஆனால், மீண்டும் மீண்டும் அதையே நாடுவது ஏன்?

1980-இல் ரிச்சர்டு ஆலிவர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு அடிப்படையான ஒரு விளக்கம் தந்தார். நாம் எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டே மனநிறைவு கொள்கிறோம் என்றார் அவர். நான்கு நாளில் வரும் என்ற சட்டை மூன்றாம் நாளே வந்தால் மகிழ்கிறோம். இரண்டு நாளில் வரும் என்ற சட்டை அதே மூன்றாம் நாள் வந்தால் சலித்துக்கொள்கிறோம்! 2001-இல் அனோல் பட்டாச்சார்ஜி இக்கருத்தை இணையவழி வங்கிச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் பொருத்திக் காட்டினார்.

நிறைவு பலமுறை கிட்டினால் அது பழக்கமாகிறது. முகவரியும் பணம் செலுத்தும் வழியும் முன்பே பதிவாகியிருப்பதால் வேலை எளிது. உராய்வு குறைந்த தரையில் உருளும் பந்து எளிதில் நிற்குமா? 'வாடிக்கை' என்ற நம் சொல்லுக்கே பழக்கம் என்ற பொருளும் உண்டு.

இப்பழக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உளர். 'இன்னும் ஒன்றே மீதம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேளாமலே கூடையில் பொருள் சேர்ப்பது போன்ற 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்தது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

அடுத்த முறை வாங்குமுன் எண்ணிப் பாருங்கள்: தேவை எழுந்ததால் செயலியைத் திறந்தீர்களா, திறந்ததால் தேவை எழுந்ததா?