கணிப்பொறியின் உள்ளாட்சி

கணிப்பொறியுள் கணக்கிடும் உறுப்புகள் சிலவேயாக, அவற்றை வேண்டி நிற்கும் வேலைகளோ பலவாம். அவற்றிற்கு முறை வகுத்து, நினைவகம் முதலிய பொதுப் பொருள்களைப் பங்கிட்டளிப்பது இயங்குதளம் எனப்படும். அவசர வேலைக்கே முதலிடம் என்பது அதன் விதி. அவ்விதி மட்டும் போதாமையை ஈண்டு ஒரு நிகழ்ச்சியாற் காட்டுவாம்.

1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்கரின் பாத்ஃபைண்டர் என்னும் கலம் செவ்வாயில் இறங்கிற்று. சின்னாளில் அதன் கணிப்பொறி அடிக்கடி தன்னை மீளத் தொடங்கலாயிற்று. அப்போதெல்லாம் அன்றைய எஞ்சிய பணி மறுநாளைக்குத் தள்ளுண்டது.

காரணம் யாதெனின், கலத்தின் செய்தித்தடத்தை ஆளும் வேலை உயர்ந்தது. வானிலை அளக்கும் வேலை தாழ்ந்தது. இரண்டிற்கும் பொதுவாயதொரு பொருளை ஒரு நேரத்தில் ஒன்றே கையாளுமாறு பூட்டொன்று அமைத்திருந்தனர். தாழ்ந்தது அப்பூட்டைக் கைக்கொண்டிருக்கையில் இடைத்தர வேலைகள் புகுந்து அதனை ஒதுக்கின. அது முடிந்தாலன்றிப் பூட்டு விடுபடாது. விடுபட்டாலன்றி உயர்ந்தது நகராது. வேந்தன் வாயிலிற் காத்து நிற்க, திறவுகோலுடையானை வழிப்போக்கர் மறித்தவாறாயிற்று! உயர்ந்த வேலை உரிய நேரத்தில் முடியாமை கண்ட மேற்பார்வை வேலை, பெரும்பிழை நேர்ந்ததென்று யாவற்றையும் மீளத் தொடங்கிற்று. ஏவுமுன் நடந்த சோதனையிலும் இஃது ஓரிரு முறை தோன்றியதுண்டு; அன்று பொருட்படுத்தாது விட்டனர். யாமாயினும் அவ்வாறே விட்டிருப்போம் போலும்.

கலிபோர்னியாவிலுள்ள ஆய்வகத்தார் கலத்தின் நகலில் அப்பிழையைத் தோற்றுவித்துக் கண்டனர். பூட்டை வைத்திருப்பது, காத்திருப்பதன் உயர்வை அப்போதைக்குப் பெறும் ஏற்பாடு இயங்குதளத்தில் முன்னரே உண்டு, இயக்கப்படாதிருந்தது. பூமியினின்று அனுப்பிய சிறு திருத்தத்தால் அஃது இயங்கவே, அத்தடை நீங்கிற்று. செப்டம்பர் 27 வரை கலம் செய்தி அனுப்பியது.