பசவனகுடிப் பெரிய நந்தியும் மணிலாக் கொட்டையும்

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து சேரும் தமிழர், முதல் ஞாயிறன்றே லால்பாக்கைப் பார்த்துவிடுவார். அடுத்த வாரம் விதான சௌதாவின் முன் நின்று ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்வார். அத்தோடு சரி. பிறகு ஷிப்டும் ஓவர்டைமும் ரேஷன் கடையுமாக வருடங்கள் ஓடிவிடும். ஊரிலிருந்து தாயார் வந்து, "இங்கே பெரிய நந்தி இருக்கிறதாமே, கூட்டிக்கொண்டு போயேன்" என்று கேட்கும்போதுதான் பலருக்குப் பசவனகுடிக்குப் போகத் தோன்றுகிறது.

வழி ஒன்றும் சிரமமில்லை. மெட்ரோ ரயிலில் வருகிறவர்கள் நேஷனல் கல்லூரி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். புல் டெம்பிள் ரோடு என்று சாலைக்கே நந்தியின் பெயர்தான். பசவன் என்றால் காளை. குடி என்றால் கன்னடத்தில் கோயில். 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் பெங்களூரை உலுக்கியதை ஒட்டி, நெரிசலான பழைய பேட்டையிலிருந்து மக்களைக் காற்றோட்டமான இடத்தில் குடிவைக்க வளர்ந்த பகுதிகளில் பசவனகுடியும் ஒன்று. அதற்கு முன் இது சுங்கேனஹள்ளி என்ற கிராமம். குடியிருப்புக்கு வயது நூற்றுச் சொச்சம். காளைக்கோ ஏறக்குறைய ஐந்நூறு.

அடிவாரத்தில் தொட்ட கணபதி, அதாவது பெரிய பிள்ளையார். அவரும் சுமார் 18 அடி உயரமுள்ள ஒரே கல்தான். வெண்ணெய்க் காப்பு அலங்காரத்துக்குப் பேர்போனவர். அவரை வணங்கிவிட்டு மேட்டின் மேல் ஏறினால் நந்தி. உயரம் சுமார் 15 அடி, நீளம் சுமார் 20 அடி. ஒட்டுப் போடாத ஒற்றைக் கல். படுத்த நிலையில் இருந்தாலும் தலையைச் சற்றே தூக்கி, வருகிறவர் யார் என்று பார்ப்பது போல இருக்கிறது. நிறம் கன்னங்கரேலென்று மின்னுகிறது. கல்லின் இயற்கை நிறம் சாம்பல்தான். எண்ணெயும் கரியும் கலந்து தலைமுறை தலைமுறையாகப் பூசியதில் கறுத்துவிட்டது.

தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் இங்கே வந்தால் உடனே ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய கோயில் நந்தி சுமார் 12 அடி உயரம், 19 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம். நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். உயரத்தில் பெங்களூர்க் காளைக்கே ஜெயம். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் லேபாட்சி நந்தியும், மைசூர் சாமுண்டி மலை நந்தியும் இதைவிட நீளமானவை. ஆனால் அளவில் இல்லாத வேற்றுமை ஒன்று உண்டு. நம்மூர்க் கோயில்களில் நந்தி வாகனம். சிவனைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அதன் கடமை. திருப்புன்கூரில் நந்தனாருக்காக அது விலகிக் கொடுத்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கேயோ கோயிலே நந்திக்காகக் கட்டியது. அர்ச்சனை, ஆரத்தி எல்லாம் அதற்கே. யாரையும் மறைக்கவில்லை, யாருக்காகவும் விலக வேண்டியதும் இல்லை!

கோயிலைக் கட்டியவர், 1537இல் பெங்களூரில் மண்கோட்டை எழுப்பி நகரை உண்டாக்கிய முதலாம் கெம்பே கௌடர் என்பது வழக்கு. விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட சிற்றரசர் அவர். அவருடைய முன்னோர்கள் காஞ்சிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்த குடியானவர்கள் என்று ஒரு பரம்பரைக் கதையும் உண்டு. கருவறைமேல் இப்போது காணும் விமானம் பிற்காலத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது.

வளர்ந்த காளை

கோயில் எழுந்த கதையை இங்கே குழந்தைகளும் சொல்லும். சுங்கேனஹள்ளி, மாவள்ளி, குட்டஹள்ளி முதலிய கிராமங்களில் அந்நாளில் வேர்க்கடலைச் சாகுபடி. காய் முற்றும் காலத்தில் இரவுதோறும் ஒரு காளை வந்து கொல்லையைத் துவம்சம் செய்துவிட்டுப் போகிறது. பொறுத்துப் பார்த்த விவசாயி ஒருநாள் காத்திருந்து தடியால் அடித்துவிட்டார். அடிபட்ட காளை ஓடிப்போய் மேட்டின் மேல் படுத்துக் கல்லாகிவிட்டது. செய்த காரியத்தை நினைத்துக் குடியானவர்கள் கலங்கினார்கள். கோயில் எழுந்தது, முதல் மகசூலைக் காளைக்குப் படைப்பதென்று முடிவாயிற்று.

கல்லான பிறகும் காளை சும்மா இருக்கவில்லையாம், வளர்ந்துகொண்டே போயிற்றாம். தலையில் ஒரு சூலத்தைப் பதித்த பிறகுதான் நின்றது என்பார்கள். தஞ்சை நந்தியின் முதுகில் ஆணி அடித்த கதையும் இதே கதைதான். கல்லில் வடித்த காளை உயிருள்ளது போல அமைந்துவிட்டால், அது வளராமல் இருக்குமா என்ற சந்தேகம் காவிரிக் கரையிலும் கன்னட மேட்டிலும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு சிக்கல் உண்டு. வேர்க்கடலை நம் நாட்டுப் பயிரல்ல. தென் அமெரிக்காவில் தோன்றியது. போர்த்துகீசியர் பிரேசில் கரையைத் தொட்டதே 1500இல்தான். அடுத்த 37 ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் கடல் தாண்டி, மலை ஏறி, சுங்கேனஹள்ளிக் கொல்லையில் காய்த்திருக்கும் என்று நம்புவது கடினம். காளை பழையது, கடலை பின்னால் வந்தது. கதை பிறகு இரண்டையும் சேர்த்து முடிந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். பழந்தமிழில் கடலை என்றால் கொண்டைக்கடலை. மண்ணுக்கடியில் காய்க்கும் புதிய பயிருக்கு அந்தப் பழைய பெயரையே கொடுத்து, வேர்க்கடலை, நிலக்கடலை என்று அடைமொழி சேர்த்தார்கள். கன்னடத்தார் அதைக் கடலேகாய் என்றார்கள்.

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காட்டுக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் சுவையானது. மணிலாக் கொட்டை, பேச்சில் மல்லாட்டை. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரின் பெயர் திண்டிவனத்துக் கொல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தக் கொல்லைகளின் கடலை, புதுச்சேரியில் கப்பலேறி, சோப்பும் எண்ணெயும் செய்யப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போயிற்று.

எந்தக் கார்த்திகை?

கடலேகாய் பரிஷெ என்னும் வேர்க்கடலைத் திருவிழா கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் நடக்கிறது. பரிஷெ என்றால் திருவிழாச் சந்தை. நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். கன்னடக் கார்த்திகை, தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிறந்து அடுத்த அமாவாசையோடு முடிவது. நம் கார்த்திகையோ சூரியனைக் கணக்கிட்டு நவம்பர் நடுவில் பிறப்பது. 2025இல் பரிஷெத் திங்கள் நவம்பர் 17. அன்றுதான் தமிழ்க் கார்த்திகை முதல் தேதி! 2023இல் அது டிசம்பர் 11, அதாவது நம் கார்த்திகை 25. தமிழ்க் காலண்டரின் கடைசிச் சோமவாரத்தை நம்பி லீவு எழுதிக் கொடுத்தவர்கள், காலியான சாலையில் கடலைத் தொலியை மிதித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள்.

சரியான நாளில் போனால் புல் டெம்பிள் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. சாலையின் இருபுறமும் குவியல் குவியலாகக் கடலை. பச்சை, வேகவைத்தது, வறுத்தது என்று வகை. மாகடி, ராமநகரம், கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து விவசாயிகளோடு, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் காயும் வந்து இறங்குகிறது. ஆனி, ஆடியில் மானாவாரியாக விதைத்து, மழையை நம்பிக் காத்திருந்து பிடுங்கிய காய் அது. சேர் கணக்கில் அளந்து போடும் அம்மாளிடம் கன்னடத்தில் விலை கேட்டால், சில குவியல்களில் தமிழிலேயே பதில் வரும். வாங்கிய பொட்டலத்தில் ஒரு பிடி நந்திக்கு, மீதி வீட்டுக்கு.

காலடியில் பிறந்த ஆறு

கடலைக் கதையை அறிந்த பலருக்கும் ஆற்றின் கதை தெரிவதில்லை. நந்தியின் காலடியில் ஒரு ஊற்று பிறந்து ஆறாக ஓடிற்று என்பது ஐதீகம். விருஷபத்தின் அடியில் பிறந்ததால் அதற்கு விருஷபாவதி என்று பெயர். மேட்டில் அந்த ஊற்றைத் தேடிப் பயனில்லை. ஆனால் ஆறு கதையல்ல. மைசூர் ரோட்டில் காளி ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டிக் கெங்கேரி பக்கம் வேலைக்குப் போகிற அத்தனை பேரும் தினமும் அதைப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை இழுத்து மூடுவாரே, அந்தக் கறுப்புக் கால்வாய்தான் விருஷபாவதி.

அங்கேயே அது நின்றுவிடுவதில்லை. பிடதிக்கு அருகே பைரமங்கல ஏரியை நிரப்பி, சுற்றுவட்டார வயல்களில் பாய்ந்து, பிறகு அர்க்காவதி ஆற்றில் கலக்கிறது. அர்க்காவதி, கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமம் என்னும் இடத்தில் காவிரியில் சேர்கிறது. அப்புறம் மேகதாட்டு. அதற்கப்பால் பிலிகுண்டுலு, தமிழ்நாட்டுக்கு வரும் நீரை அளக்கிற இடம். ஒகேனக்கல், மேட்டூர், கல்லணை என்று மேற்கொண்டு போகும் வழியைத் திருச்சி, தஞ்சைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூர் குடிப்பதும் காவிரி நீரே. 1974 முதல் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், ஐந்நூறு மீட்டர் உயரம் பம்பு செய்து மேலேற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் தொடங்கிற்று. அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய நீரில் ஒரு பெரும் பங்கு, ஸ்ரீராமபுரம், சாமராஜப்பேட்டை வீடுகளின் சமையலறை, குளியலறை வழியாகவும் பட்டறைகள் வழியாகவும் சாக்கடையாகி, விருஷபாவதியில் விழுந்து, மறுபடியும் காவிரிக்கே போகிறது. நகரின் கிழக்குப் புறக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. எந்தப் பக்கம் வழிந்தாலும் கடைசியில் நம் ஊர்தான்.

சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமலில்லை. விருஷபாவதிப் பள்ளத்தாக்கிலேயே பெரிய நிலையம் உண்டு. ஆனாலும் மைசூர் ரோட்டில் பஸ்ஸின் கண்ணாடி இன்னும் மூடியபடிதான் போகிறது. மேட்டின் மேல் நந்திக்கு எண்ணெய்க் காப்பு ஒரு குறையுமில்லாமல் நடக்கிறது. பிரதோஷ வேளையில் வரும் தமிழ் அன்பர்கள், மூலவருக்கு நேரே நின்று கும்பிட்டு, ஊரிலிருந்து வந்த தாயாருக்குச் சூலம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். கீழே இறங்கும்போது அந்தத் தாயார் கேட்கும் கேள்வி, "ஆறு எங்கேப்பா?" என்பதுதான்.